மூடுபனிக்குச் சுத்திப் போட்ட முப்புடாதி

காலை நீட்டிப் படு. போர்வையை உதைக்காதே. முதல்லயே சொல்லிப்புட்டேன், ஒரு கதைதான். ரெண்டு கேக்கக் கூடாது. ஒண்ணரையும் கேக்கக் கூடாது. நீ "ம்" போடுற வரைக்கும் கதை நடக்கும், "ம்" நின்னா கதையும் நின்னுரும். சம்மதமா?

"ம்."

ஒரே ஒரு ஊர்ல, ஊருன்னா ஊரு அப்படி ஒரு வெயிலூரு, ஒரே ஒரு வாயாடி இருந்தா. ஊரு பேரு வெயிலாங்குறிச்சி. வாயாடி பேரு முப்புடாதி. வத்தல் யாவாரம். மொளகாயைக் களத்துல காயப்போட்டு, வத்தலாக்கி, சந்தையில குவிச்சு வச்சு விப்பா. கோவம் வந்தா அவ மூக்கு நுனி அந்த வத்தல் நிறத்துக்கு வந்துரும். கோவம் எப்ப வரும்? எப்பவும் வரும்.

ஆனா பேரம்னு உக்காந்தா அவளை அசைக்க ஆளே கிடையாது. வளையல்காரன் ஒரு விலை சொன்னா அதுல பாதியைக் கேப்பா. அவன் அழுதுக்கிட்டே பாதிக்கு வந்தான்னா, "ஒரு வளையலைச் சேர்த்துப் போடு"ம்பா. டாக்டர் மூணு ஊசின்னாரு. "ஒண்ணாப் போடுங்க, பெரிசாப் போடுங்க"ன்னாளாம். அப்படி ஆளு.

சிரிக்காதே, தூக்கம் ஓடிப் போகும்.

அப்புறம், சந்தையில அவளுக்குப் பக்கத்துக் கடை சீனியம்மா. பேருலதான் சீனி. அவளும் வத்தல் யாவாரந்தான். ரெண்டு பேரும் ஒருத்திய ஒருத்தி மதினி மதினின்னுதான் கூப்பிடுவாங்க, ஆனா காலைல கடை விரிச்சதுலேர்ந்து சாயங்காலம் சாக்கை மடிக்கிற வரைக்கும் சண்டை. சந்தையில ஒரே ஒரு வேப்பமரம். அந்த நிழல்ல சீனியம்மா கடை. முப்புடாதி கடை வெயில்ல. போதாதா சண்டைக்கு?

"ம்."

அந்த ஊர்லேர்ந்து மேக்கே பார்த்தா ஒரு மலை தெரியும். தூவானமலை. நீலமா, தலையில வெள்ளைத் துண்டு கட்டுன மாதிரி மேகத்தோட நிக்கும். ஊர்ல எல்லாரும் தெனமும் அதைப் பார்ப்பாங்க. ஒருத்தராவது ஏறிப் பார்த்ததில்லை. 

ஒருநாள் வெயில் மண்டையைப் பொளக்குது. முப்புடாதி முந்தானையால விசிறிக்கிட்டே சொன்னா:

"மதினி, அந்த மலை மேல நின்னு பார்த்தா நம்ம களம் தெரியும்."

"தெரியாது."

"தெரியும்."

"இங்கேர்ந்து பார்த்தா மலையில நடக்குற யானை தெரியலையே, அங்கேர்ந்து பார்த்தா உன் மூஞ்சி தெரியுமாக்கும்?"

மூக்கு சிவந்துருச்சு. "வர்ற வெள்ளிக்கிழமை நான் மலைக்குப் போறேன். சரியா நாலு மணிக்கு நீ களத்துல நின்னு எதையாவது தூக்கிக் காட்டு. என்ன தூக்கினேன்னு நான் வந்து சொல்றேன்!"

"சொல்லலேன்னா?"

"என்ன வேணாலும் கேளு."

சீனியம்மா யோசிச்சா. நல்லா யோசிச்சா. அப்புறம் சொன்னா பாரு ஒண்ணு: "சொல்லலேன்னா, ஒரு வருசத்துக்கு நீ பேரமே பேசக் கூடாது. சொன்ன விலைக்கு வாங்கணும். கேட்ட விலைக்குக் குடுக்கணும். வாயைத் திறக்கப் படாது."

சந்தையே யாவாரத்தை விட்டுட்டு எட்டிப் பார்த்துச்சு. முப்புடாதிக்குப் பேரம் இல்லாம ஒரு வருசமா? சோறு இல்லாமக்கூட இருந்துருவா! ஆனா வாய் விட்டாச்சு.

"சரி. சொல்லிட்டேன்னா வேப்பமர நிழல் எனக்கு."

"எடுத்துக்கோ."

கேக்குதா?

"ம்."

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் பஸ் வந்துச்சு. முப்புடாதி ஒரு கூடையில கட்டுச்சோறு, தன் கடை வத்தல் ஒரு பொட்டலம், உப்பு ஒரு முடிச்சு எல்லாம் வச்சுக்கிட்டு ஏறினா. எங்க போனாலும் வத்தலும் உப்பும் இல்லாமப் போக மாட்டா. பஸ் கிளம்புற நேரம் சீனியம்மா ஓடியாந்து ஜன்னல் வழியா இன்னொரு பொட்டலத்தை எறிஞ்சா. தொப்!

"என் வத்தல், கொண்டு போ! அங்க குளிருமாம். உன் வத்தல்ல சூடு ஏது?"

"உன் வத்தலைத் தொட்டா என் பேரு முப்புடாதி இல்லடி!"

பஸ் கிளம்பிருச்சு. டுர்ர்ர்ர்.

மலையடிவாரம் வந்துச்சு. அப்புறம் கொண்டை ஊசி வளைவு. ஒண்ணு... ரெண்டு... மூணு... பஸ் இந்தப் பக்கம் சாஞ்சா எல்லாரும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் சாஞ்சா எல்லாரும் அந்தப் பக்கம். காது ரெண்டும் டொப்புன்னு அடைச்சுது, டப்புன்னு திறந்துச்சு. ஜன்னல் வழியா ஒரு காத்து வந்துச்சு பாரு! மண்பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி, சில்ல்ல்னு. யூகலிப்டஸ் வாசம். முப்புடாதிக்கு அறுபது வருச வேர்வை ஒரே மூச்சுல காய்ஞ்சுது. "ஏய், இந்தக் காத்துக்குக் காசு உண்டா?"ன்னு கண்டக்டர்கிட்ட கேட்டா. "இல்லைம்மா, சும்மா." "சும்மாவா! அப்ப ரெண்டு மடங்கா வாங்கிக்கிறேன்"னு ஜன்னலைப் பூரா திறந்து விட்டா. பின் சீட்டுக்காரங்க எல்லாரும் வெடவெடன்னு நடுங்குனாங்க.

மலை மேல இருக்குற ஊர் வந்துச்சு. ஆத்தாடி, அந்த ஊரு! தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளத்தைச் சீப்பு போட்டு வாரி விட்ட மாதிரி. சுவத்துல பூ, வேலியில பூ, சாக்கடை ஓரத்துலயும் பூ. தலையில பச்சை இலையோட கேரட்டு கட்டுக்கட்டா. வீடெல்லாம் குட்டிக் குட்டியா, புகைபோக்கி வச்சுக்கிட்டு. முப்புடாதிக்கு வாய் மூடலை. அவ வாய் பேசாம திறந்து கிடந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை.

இறங்குனதும் ஒரு கொரங்கு வந்து கூடையை வெடுக்குன்னு பிடுங்கிருச்சு. மரத்துல ஏறி உக்காந்துக்கிட்டு கட்டுச்சோத்தைப் பிரிச்சுது.

"ஏ கொரங்கே! சோறு உனக்கு, கூடை எனக்கு. சரியா?"

கொரங்கு பல்லைக் காட்டுச்சு.

"சரி, சோறும் தொவையலும் உனக்கு. வத்தலும் கூடையும் எனக்கு. இதுக்கு மேல இறங்க மாட்டேன்!"

கொரங்கு ஒரு வத்தலை எடுத்துக் கடிச்சுது. க்ர்ச்! ஸ்ஸ்ஸ்... ஹா... ஹா... கண்ணுலேர்ந்து தண்ணி. சோத்தை மட்டும் எடுத்துக்கிட்டு கூடையை விட்டெறிஞ்சிட்டு, பைப்படிக்கு ஓடியே போயிருச்சு.

"கொரங்குக்குக் கூட பேரம் புரியுது"ன்னு முப்புடாதி கூடையை எடுத்துக்கிட்டா.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்புறம் அவ முதல்ல தேயிலைத் தோட்டத்து மேட்டுக்குப் போனா. அங்கேர்ந்து கீழே பார்க்கலாம்னாங்க. போய் நின்னா... வெள்ளை. எங்க பார்த்தாலும் மூடுபனி. அவ கையை அவளே பார்க்க முடியலை.

சரி, அருவிக்கிட்ட போவோம்னு போனா. அருவி சோன்னு கொட்டுது, சத்தம் கேக்குது, அருவியைக் காணோம். அங்கயும் மூடுபனி.

சரி, உச்சிக்கே போவோம்னு உச்சிப்பாறைக்குப் போனா. கம்பி வேலி போட்டு, கூட்டமா சனம் நிக்குது. எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கிட்டு வெள்ளையைப் படம் பிடிக்கிறாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் அதே மூடுபனி, எருமை மாதிரி படுத்துக்கிடக்குது. மணி மூணு.

முப்புடாதிக்கு வந்துச்சு பாரு கோவம். வேலியைப் பிடிச்சுக்கிட்டு கத்துனா:

"ஏ பனி! தள்ளிப் போறியா இல்லியா?"

"மாட்டேன்"னுச்சு பனி. குரல் ஈரத்துணி மாதிரி இருந்துச்சு.

"ஒரு மணி நேரம் தள்ளு."

"மாட்டேன்."

"அரை மணி."

"ம்ஹூம்."

"ஒரு நிமிசம்டி! நாலு மணிக்கு ஒரே ஒரு நிமிசம். இதுக்குக் கீழ ஒருத்தி இறங்குவாளா?"

பனி ஒரு பெருமூச்சு விட்டுச்சு. ஹூஊஊ... "உனக்கு என்ன தெரியும். நான் வேணும்னேவா கிடக்குறேன்? என்னால அசைய முடியலைக்கா. கொஞ்ச நாளா உடம்பெல்லாம் ஒரே கனம். தலை பாரம். எந்திரிக்கவே பிடிக்கலை."

அக்கான்னு கூப்பிட்டுருச்சா, முப்புடாதிக்குக் கோவம் பாதி இறங்கிருச்சு. சுத்திமுத்திப் பார்த்தா. கூட்டம் கூட்டமா சனம். "ஐயோ எவ்வளவு அழகு!" கிளிக். "பாருடா, பஞ்சு மாதிரி!" கிளிக். "இதை விட்டுட்டுப் போக மனசே வரலை!" கிளிக், கிளிக்.

முப்புடாதி நெத்தியில அடிச்சுக்கிட்டா.

"அடி கூறுகெட்டவளே! ஊருப்பட்ட சனமும் தெனமும் வந்து உன் மேல கண்ணு வச்சா உடம்பு எங்கேர்ந்து அசையும்? உனக்கு யாராச்சும் சுத்திப் போட்டாங்களா?"

"சுத்திப் போடுறதுன்னா?"

"பொறந்ததுலேர்ந்து ஒரு தடவை கூடவா இல்லை? ஐயோ பாவமே!"

உனக்குக் காய்ச்சல் வந்தப்போ போன வாரம் உங்கம்மா சுத்திப் போட்டாளே, அதேதான். உப்பு, வத்தல், காலடி மண்ணு எல்லாம் கையில மூடி, உன்னைச் சுத்தி, அடுப்புல போட்டாளே. கண்ணு பட்டிருந்தா வத்தல் நெடியே வராது. நெடி வந்து தும்மல் போட்டா, கண்ணு கழிஞ்சிருச்சுன்னு அர்த்தம். 

"ம்."

அப்போ, பக்கத்துல மாசிலாமணின்னு ஒருத்தர் கரியடுப்புல சோளம் சுட்டுக்கிட்டு இருந்தாரு. "அண்ணே, உங்க அடுப்பு எனக்கு வேணும்."

"எதுக்குத் தாயி?"

"பனிக்குச் சுத்திப் போடணும்."

அவரு அவளை மேலயும் கீழயும் பார்த்தாரு. அப்புறம் என்ன நினைச்சாரோ, "போடுங்க, சனமெல்லாம் படந்தான் பிடிக்குது, மூணு நாளா எனக்கும் யாவாரம் இல்லை"ன்னு நகர்ந்துக்கிட்டாரு.

ஆனா ஒரு சிக்கல். புள்ளைன்னா கையால சுத்திரலாம். பனி மலை மேல பூராப் படுத்துக்கிடக்கே! சுத்துறதுன்னா உச்சியையே சுத்தணும். மணி மூணே கால். நடந்தா விடிஞ்சிரும்.

அங்க ஒருத்தன் குதிரை வச்சுக்கிட்டு நின்னான். சுத்திக்காட்ட இவ்வளவுன்னு ஒரு விலை சொன்னான். கொள்ளை விலை! முப்புடாதி பேரம் பேச வாயைத் திறந்தா... கடிகாரத்தைப் பார்த்தா... வாயை மூடினா. பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்ன காசை எடுத்து நீட்டினா.

குதிரைக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அக்கா... கொறைச்சுக் கேக்கலையா? உடம்புக்கு எதும் முடியலையா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா! நான் மனசு மாறுறதுக்குள்ள!"

டக் டக் டக் டக்! உப்பும் மண்ணும் தன் கடை வத்தல்ல பாதியும் கையில மூடிக்கிட்டு, குதிரை மேல உக்காந்து கத்துறா:

"பஸ்ஸுல வந்தவன் கண்ணு, வேன்ல வந்தவன் கண்ணு, கல்யாணம் முடிஞ்சு கைகோத்து வந்தவன் கண்ணு, செல்போன் கண்ணு, பைனாகுலர் கண்ணு... எல்லாக் கண்ணும் போ! துப்புடி பனி!"

பனி துப்புச்சு. தூ தூ தூ. மலையெல்லாம் பொடித் தூறல்.

கொண்டு வந்து கரியில போட்டா. உப்பு பட்பட்னு வெடிச்சுது. வத்தல் கருகுச்சு. நெடி? ஒரு பொட்டு இல்லை!

"ஆத்தாடி, எம்புட்டுக் கண்ணு!"

ரெண்டாந்தடவை. டக் டக் டக் டக். மிச்ச வத்தலும் போச்சு. கரியில போட்டா. பட்பட். மூக்கை விட்டுப் பார்த்தா. ம்ஹூம், ஒண்ணுமில்லை. மணி நாலாக இருபது நிமிசம்.

கூடையைப் பார்த்தா. அடியில ஒரே ஒரு பொட்டலம். யார் பொட்டலம்?

"சீனியம்மா!"

சரியாச் சொன்னே. தொட மாட்டேன்னவ. தொட்டா என் பேரு முப்புடாதி இல்லைன்னவ. இப்ப என்ன பண்ணுவா? வீம்பா, பேரமா? அவ பொட்டலத்தைப் பார்க்குறா, பொட்டலம் அவளைப் பார்க்குது.

"சரிடி, ஒரு நிமிசத்துக்கு என் பேரு முப்புடாதி இல்லை"ன்னு பிரிச்சா! டக்டக்டக்டக்! குதிரை வாயில நுரை. மூணாஞ்சுத்து முடிஞ்சுது. அம்புட்டையும் அள்ளிக் கரியில போட்டா.

அம்மாடியோவ்! கெளம்புச்சு பாரு நெடி! மாசிலாமணி லொக்கு லொக்குன்னு இருமுறாரு. குதிரை தும்முது. படம் பிடிச்ச சனமெல்லாம் கண்ணைக் கசக்கிக்கிட்டு ஓடுது. முப்புடாதி மூக்குல தண்ணி ஒழுக, "அடியே சீனி, உன் வத்தல் வத்தல்தான்டி!"ங்குறா. அப்போ பனி... மூக்கைச் சுளிச்சுது... ஹா... ஹா... ஹாஆஆ...

ஹாச்ச்ச்ச்ச்சூ!

ஒரே தும்மல். மலையே குலுங்குச்சு. அருவி ஒரு நிமிசம் மேல போய்ட்டுக் கீழ வந்துச்சு. பனி பஞ்சு பஞ்சாப் பிஞ்சு பறந்துச்சு. 

தரை தெரிஞ்சுது.

அப்படித் தெரிஞ்சுது! வயல் எல்லாம் கட்டம் கட்டமா, குளமெல்லாம் உடைஞ்ச கண்ணாடித் துண்டு மாதிரி. ரோடு நூலாட்டம். அந்த நூல் முடியுற இடத்துல, நெத்திக் குங்குமம் மாதிரி ஒரு செவப்புப் பொட்டு.

"களம்! வத்தல் காயுற எங்க களம்!"

தெரிஞ்சிருச்சு. ஆனா சீனியம்மா? கையில என்ன? கண்ணை இடுக்கிப் பார்க்குறா. செவப்பு, செவப்பு, வெறும் செவப்பு.

ஏன் தெரியுமா? கீழ நடந்ததைக் கேளு. சீனியம்மா ஒரு கள்ளத்தனம் பண்ணியிருந்தா. வத்தல் நிறத்துலயே ஒரு செவப்புச் சேலையை எடுத்துக்கிட்டு, வத்தல் காயுற களத்துக்கு நடுவுல நின்னா. செவப்புக்குள்ள செவப்பு எப்படித் தெரியும்?

ஊரே களத்துல கூடி மலையைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. மலை தலையில வெள்ளைத் துண்டு கட்டுனபடியே இருக்குது. "பாவம், முப்புடாதிக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு ஊரு உச்சுக் கொட்டுச்சு. அப்போ நாலு அடிக்க அஞ்சு நிமிசம். திடீர்னு மலை தலையிலேர்ந்து துண்டு பறந்துச்சு! எல்லாரும் "ஓஓ"ன்னாங்க.

சீனியம்மாவுக்கு மட்டும் புரிஞ்சுது. "என் வத்தலைப் போட்டிருக்கா! அது என் வத்தல் வேகம்!"

உடனே அவ மனசுல இன்னொண்ணும் ஓடுச்சு: இவ பேரம் பேசலேன்னா நாளைலேர்ந்து நான் யார்கிட்ட சண்டை போடுவேன்? சந்தையில வாயை மூடிக்கிட்டு இவ ஒரு வருசம் உக்காந்திருக்குறதை நான் எப்படிப் பார்ப்பேன்? சேலையை வீசி எறிஞ்சா. வீட்டுக்கு ஓடுனா, தடதடதடன்னு. கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து, வெயிலைப் பார்த்துத் திருப்பினா.

மேல நிக்குற முப்புடாதி கண்ணுல...

பளிச்!

செவப்புப் பொட்டுக்கு நடுவுல ஒரு வைரம். பளிச்! பளிச்!

"தாம்பாளம்!"ன்னு கத்துனா முப்புடாதி. குதிரைக்காரனைக் கட்டிப் பிடிச்சா. மாசிலாமணி கையைப் பிடிச்சுக் குலுக்குனா. ஓடிப்போன சனமெல்லாம் திரும்பி வந்து, எதுக்குன்னே தெரியாம கைதட்டுச்சு.

தூங்காதே, இன்னும் கொஞ்சந்தான்.

"...ம்."

திரும்பி வர்ற பஸ்ஸுல ஏறி உக்காந்தா, ஜன்னல்ல ஈரமா ஒரு விரல் தட்டுச்சு. பனி.

"யக்கா, உடம்பு இப்ப காத்தாட்டம் இருக்கு. எல்லாரும் என்னைப் பார்க்க வர்றாங்க. நான் ஒரு ஊரையும் போய்ப் பார்த்ததில்லை. நானும் உன் ஊருக்கு வரவா?"

"எத்தனை நாளு?"

"ஒரு வருசம்."

முப்புடாதி கண்ணு மின்னுச்சு. குதிரைக்காரன்கிட்ட அடக்கி வச்ச பேரம் எல்லாம் தொண்டையில வந்து நிக்குது. "வருசமா! என் வத்தல் எல்லாம் பூஞ்சை பூத்துப் போகும். ஒரு நாளு."

"ஆறு மாசம்."

"ரெண்டு நாளு."

"ஒரு மாசம், அதுக்குக் கீழ வர மாட்டேன்."

"சரி, மார்கழி ஒரு மாசம். ஆனா காலைல மட்டும். வெயில் எட்டிப் பார்த்தா ஒரு நிமிசங்கூட நிக்கக் கூடாது, கிளம்பிரணும். வாசல் வரைக்கும் வரலாம், களத்துல கால் வைக்கக் கூடாது."

"ஒரு தடவையாச்சும் சுத்திப் போடுவியா?"

"அது என் பொறுப்பு."

பேச்சு முடிஞ்சுது.

ஊர்ல இறங்குனதும் சீனியம்மா இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. "சொல்லு மதினி, என்ன தூக்குனேன்?"

"பித்தளைத் தாம்பாளம். புளி போட்டுத் தேய்ச்சிருக்கே. ஓரத்துல மட்டும் சரியாத் தேய்க்கலை."

ஊரே சிரிச்சுது. சீனியம்மா வேப்பமர நிழல்லேர்ந்து சாக்கைச் சுருட்டுனா. முப்புடாதி அவ கையைப் பிடிச்சா. "எங்க போறே? உக்காரு. பாதி நிழல் உனக்கு."

"பாதியா? முக்கால்."

"முக்காலா! தோத்தது யாரு?"

"செயிச்சது யாரு வத்தல்ல?"

இன்னும் அந்த நிழலுக்குப் பேரம் முடியலை. நாளைக்குச் சந்தைக்குப் போனாலும் கேக்கலாம்.

"பெரியம்மா... பனி வந்துச்சா?"

வராம? மார்கழி காலைல வாசல்ல வந்து நிக்குதே, கோலப்பொடி டப்பா கூடக் கண்ணுக்குத் தெரியாம, அது யாருன்னு நினைச்சே? ஊர் பார்க்க வந்திருக்கு. நாளைக்கும் வரும். நேரத்தோட எந்திரிச்சாப் பார்க்கலாம். வெயில் வந்துட்டா நிக்காது, பேசுன பேச்சு அப்படி.

"இன்னொரு கதை..."

கிடையாது.

"அரைக் கதை..."

கிடையாது.

"கால்..."

கால் கதையும் கிடையாது, காலை உள்ள இழு. கதை மலையேறிருச்சு. உன் கண்ணு ரெண்டும் கீழ இறங்கட்டும். தூங்கு.